உதடு அசையும் முன்

“போட்டுக்கொடுக்கிறவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்கா” என்று சொல்லி எர்மீனியா மத்தியை எடைத்தட்டில் வீசினாள். வீசிய வேகத்தில் ஒரு மீன் வழுக்கிக் கீழே விழுந்தது.

“அப்போ உன் மூஞ்சியை மொதல்ல கண்ணாடில பாருடி” என்றேன். “யார் வீட்டு அடுப்புல என்ன கொதிச்சுதுன்னு விடியறதுக்குள்ள சந்தை முழுக்கச் சொல்றது யாரு? எவரிஸ்தோவா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை.

“சிரிங்க, சிரிங்க. அந்த ஆளு கதவைத் திறக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? மொதல்ல ஒரு கண்ணு வெளிய வரும். அப்புறம் மூக்கு. தெருவுல யாரு யாரு நிக்கிறாங்கன்னு பார்த்துட்டுத்தான் மிச்ச உடம்பு வரும். தப்பு பண்ணாதவன் எதுக்கு அப்படித் திறக்கணும்?”

“குளிர் உள்ள வந்துடக்கூடாதுன்னுதான். என் விறகு மிச்சமாகட்டும்னு பார்க்கிற நல்ல மனுஷன்.”

“ஜூலை மாசத்துலயா அக்கா?”

மீனைச் சுற்றி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்னிடம் பதில் இல்லை என்பதால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடாது. அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றும் இதைத்தான் சொல்கிறேன். சென்யோர் எவரிஸ்தோ இப்போது கொவில்யாவில் தன் அக்காள் மகள் வீட்டில் உயிரோடுதான் இருக்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் ரயிலேறிப் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். ஏழு வருஷம் என் வீட்டு மாடியறையில் இருந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரியாதது மீன்காரிக்கு என்ன தெரியும்?

பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கிக் குழலில் சிவப்புப் பூச் செருகிப் பழைய ஆட்சியைக் கவிழ்த்த ஏப்ரல் முடிந்து, மறு வருஷம் இலையுதிர் காலத்தில் அவர் வந்தார். என் கணவர் செஃபெரினோ இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மாடியறை சும்மா கிடந்தது. ஒரு பழுப்புப் பெட்டி, ஒரு தொப்பி, ஒரு குடை. எந்த ஊர் என்று கேட்டேன். “பல ஊரு” என்றார். என்ன வேலை என்று கேட்டேன். “வாசிக்கிற வேலை” என்றார். இதென்ன வேலை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மீன் டப்பாவில் ஒட்டுகிற சீட்டு அச்சடிக்கும் பட்டறையில் பிழை பார்க்கும் உத்தியோகம். நான் முப்பத்தொரு வருஷம் மத்தியின் தலையைக் கிள்ளி டப்பாவில் அடுக்கியவள். அந்த டப்பாவின் மேல் இத்தனை பாஷையில் எழுத்து இருக்கிறது என்பதே அவர் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

சீட்டுத் தாள்களை வீட்டுக்கும் கொண்டுவருவார். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். தாளைத் தலைகீழாக வைத்துக்கொள்வார். “நேரா வச்சா மனசு தானா வாசிச்சுடும் டோனா ஜெனோவேவா. தலைகீழா வச்சாத்தான் கண்ணு வாசிக்கும்” என்பார். தப்பைக் கண்டுவிட்டால் சிவப்புப் பென்சிலால் மெல்ல ஒரு கோடு. பட்டறையில் பன்னிரண்டு நிறப் பென்சில் அடங்கிய பெட்டி ஒன்று கொடுத்திருந்தார்கள். வந்த முதல் வாரமே அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து என்னிடம் தந்தார். “இது எனக்கு வேண்டாம். நீங்க வச்சுக்கங்க.”

நீலப் பென்சில்.

பழைய ஆட்சியில் பத்திரிகை, நாடகம், சினிமா எல்லாவற்றையும் தணிக்கைக்காரர்கள் நீலப் பென்சிலால்தான் அடித்தார்கள் என்பது எங்கள் செத்தூபல் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஒருவர் ஒரு பென்சிலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதுதானே மரியாதை? ஊறுகாய் ஜாடிக்கு வட்டம், உப்பு ஜாடிக்குப் பெருக்கல் குறி என்று அதை வைத்துத்தான் போட்டுக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் எழுத வரும்.

காலையில் வறுத்த பார்லிக் காப்பி, அதில் நேற்றைய ரொட்டியைப் பிய்த்துப் போடுவார். சட்டையைத் தானே இஸ்திரி போடுவார். கடிதம் வருவதில்லை. கடிதம் எழுதுவதும் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கூட யாரும் வரவில்லை. அவர் குப்பைக் கூடையை நான்தான் கொட்டுவேன். கிழித்த காகிதம் ஒன்றுகூட இருக்காது. எல்லாவற்றையும் எரித்துச் சாம்பலைச் செடிக்குப் போட்டுவிடுவார். நான் கூடையைக் கிளறினேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. கொட்டும்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

தொப்பியை மட்டும் வீட்டுக்குள் இருக்கும்போதுதான் கழற்றுவார். தெருவில் அது நெற்றிவரை இறங்கியிருக்கும். மாதாகோயில் ஊர்வலம் எதிரே வந்தால்கூட, தொப்பியை எடுக்க வேண்டிவருமே என்று சந்துக்குள் திரும்பிவிடுவார். இதையும் எர்மீனியா கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

சரி, சினிமாவுக்கு வருகிறேன். பொனான்சா கொட்டகையில் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டமும் சினிமா சங்கத்துக்கு. சுங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் பல்தசார்தான் சங்கச் செயலாளர். தாடி, கோடு போட்ட வெல்வெட் கோட்டு, எப்போதும் ஒரு கட்டு நோட்டீஸ். உலகத்தில் எங்கே எந்தப் படம் வந்தாலும் அது செத்தூபலுக்கு வந்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவன்.

“நீங்களும் வாங்களேன் டோனா ஜெனோவேவா” என்று ஒரு சனிக்கிழமை எவரிஸ்தோ கேட்டார்.

“நான் வந்து என்ன பண்ண? அவங்க அவங்க பாஷையில பேசறாங்க. கீழே எழுத்து ஓடுது. எனக்கு அது எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

“எறும்பை நான் பார்த்துக்கறேன். நீங்க மூஞ்சியைப் பாருங்க.”

எங்கள் துரோயினோ பகுதியில் என் வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் வாசிக்கத் தெரியாது. சங்கு ஊதினால் எந்தக் கம்பெனிச் சங்கு என்று தூக்கத்திலும் சொல்வோம். எழுத்தென்றால் கண் கட்டிவிடும். அதனால் கொட்டகைக்குப் போகும்போது ஆளுக்கொரு வாசிப்பவரைக் கூட்டிக்கொண்டு போவோம். மகள், மருமகள், பக்கத்து வீட்டுக்காரி என்று யாராவது. பின்னால் இடது பக்கத்து நான்கு வரிசை எங்களுக்கு. படம் தொடங்கியதும் அங்கிருந்து முணுமுணுவென்று சத்தம் எழும். முன்னால் உட்கார்ந்திருக்கும் படித்தவர்கள் அதற்கு ஜெபமாலை வரிசை என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். பிறகு டிக்கெட் கொடுப்பவளே “உங்களுக்கு ஜெபமாலையா, முன்னாலயா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

எவரிஸ்தோ மாதிரி வாசிக்க யாராலும் முடியாது. இதைச் சத்தியம் செய்து சொல்வேன். மற்றவர்கள் அழுகிற இடத்தில் அழுதுகொண்டே வாசிப்பார்கள், பாதி எழுத்து ஓடிப்போய்விடும். இவர் குரல் ஏறாது, இறங்காது. என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், உப்பில் ஊறின திரெமோசுப் பருப்பை வாயில் அதக்கிக்கொண்டே, ஒரு வார்த்தை சிந்தாமல் தருவார். கொஞ்ச நேரத்தில் அவர் வாசிக்கிறார் என்பதே மறந்துபோகும். ஹங்கேரிக்காரியே என்னிடம் பேசுவாள். இரண்டு சகோதரிகள் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன படம், போலந்தில் ரொட்டி வரிசையில் நின்றபடியே கல்யாணம் நிச்சயமாகிற படம், செனகலில் கிணறு தோண்டியவர்கள் பாறையில் முட்டிக்கொள்கிற படம், எல்லாம் அவர் வாயால்தான் பார்த்தேன். பிரேசில் படம் வந்தால் மட்டும் நம் பாஷை என்பதால் அவருக்கு வேலையில்லை. அன்றைக்கெல்லாம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறுவார்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய வலது கை எப்போதும் நெஞ்சுப் பக்கத்தில் இருக்கும். ஒருவன் ஒருத்தியை நெருங்கும்போதோ, ஒரு போலீஸ்காரன் தடியை ஓங்கும்போதோ, ஒருவன் மேஜை மேல் ஏறிப் பேச வாயெடுக்கும்போதோ, இரண்டு விரல் மட்டும் மெல்ல எழும்பும். கத்திரிக்கோல் மாதிரி ஒட்டும். விலகும். மறுபடி மடியில் விழும். அவருக்கே தெரியாமல் நடக்கிற காரியம். நான் திரையைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் அதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். வாதக் கோளாறு என்றுதான் கேட்டவர்களிடம் சொன்னேன்.

ஞாயிறு ஆட்டத்துக்கு மட்டும் வரமாட்டார். “ஒரு தடவை பார்த்தா சினிமா, ரெண்டாவது தடவை பார்த்தா உத்தியோகம்” என்பார்.

எண்பத்திரண்டாம் வருஷம் வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, வரவேண்டிய போலந்துப் படப் பெட்டி ரயிலில் வந்து சேரவில்லை. பல்தசார் மேடையேறிக் கையைப் பிசைந்தான். “தோழர்களே, அதுக்குப் பதிலா ஒரு பழைய இத்தாலியப் படம் போடறோம். பழைய ஆட்சி இதை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிச்சு. இந்த நாட்டுல இன்னிக்கு வரைக்கும் ஒரு கண்ணும் பார்க்காத படம்!” கை தட்டினோம். விளக்கு அணைந்தது.

எவரிஸ்தோ வாசிக்கத் தொடங்கினார். பாதிப் படம் வரை ஒன்றுமில்லை. அதன்பின் ஒரு நீதிமன்றக் காட்சி. கைதி நிற்கிறான், நீதிபதி கேள்வி கேட்கிறார். எவரிஸ்தோ என் காதில் சொன்னார்: “எங்க ஊர்ல நீதி மதியத்துக்கு மேல திறக்கறதில்லீங்க.” சொல்லி முடித்தார். அதற்கப்புறம்தான் திரையில் கைதியின் உதடு அசைந்தது.

வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பட்டிருக்காது. அவர்கள் கண் எழுத்தில் இருக்கும். என் கண் மூஞ்சியில் இருந்தது. மீனைப் பார்த்து வளர்ந்தவள் நான். வாய் எப்போது திறக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுத்து வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார் மனுஷர். ஒரு கண்ணும் பார்க்காத படம்.

நான் மட்டும் கேட்டிருந்தால் அது அந்த இருட்டிலேயே போயிருக்கும். ஆனால் மேடையிலிருந்து இறங்கி எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பல்தசார் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

இடைவேளையில் வந்துவிட்டான். “சென்யோர் எவரிஸ்தோ, இந்தப் படம் முன்னாடியே பார்த்திருக்கீங்களோ?”

“பாரீஸ்ல.”

“ஓ. எந்த வருஷம்?”

“ஞாபகம் இல்லை.”

“வசனம் மட்டும் ஞாபகம் இருக்கு.”

“சில வசனம் ஒட்டிக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் திரெமோசுத் தோலைக் காகிதத்தில் மடித்தார். மடித்த காகிதத்தை மறுபடி மடித்தார்.

அன்று தொடங்கியதுதான் ஊர்ப் பேச்சு. ரகசியப் போலீசுக்கு ஆள் காட்டியவன், கொட்டகையில் பின்னால் உட்கார்ந்து யார் எந்த வசனத்துக்குக் கைதட்டுகிறார்கள் என்று குறிப்பெடுத்தவன், எர்மீனியாவின் மாமனைச் சிறைக்கு அனுப்பியதே இவன்தான் என்றுகூட. எர்மீனியாவின் மாமன் குடித்துவிட்டுப் படகைத் திருடினதற்காகச் சிறைக்குப் போனவன். இதைச் சந்தையிலேயே சொன்னேன். ஒரு வாரம் எனக்கு அழுகல் மீனாகப் பார்த்துப் போட்டாள்.

ஆகஸ்டில் என் மகள் லுசிந்தா பாரீஸிலிருந்து லீவுக்கு வந்தாள். அங்கே ஒரு பெரிய கட்டடத்தில் வாசல் பார்க்கிற வேலை அவளுக்கு. வந்த அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் எவரிஸ்தோவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டாள். “நீங்க பாரீஸ்ல இருந்தீங்களாமே மாமா. எந்தப் பக்கம்?”

“ஸ்டேஷன் பக்கத்துல.”

“பாரீஸ்ல ஆறு ஸ்டேஷன் இருக்கு.”

“பெரிய ஸ்டேஷன்” என்றார் அவர். சூப்பில் இருந்த கோஸை ஓரமாக ஒதுக்கினார். நான்தான் உருளைக்கிழங்கு வேகவில்லை, உப்பு இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டு பேச்சை மாற்றினேன்.

அன்று மத்தியானம்தான் நானும் அவரும் யுகோஸ்லாவியப் படம் ஒன்று பார்த்துவிட்டு வந்திருந்தோம். ரயில்வே கேட்டில் குடியிருக்கும் ஒரு தாய். மகன் பட்டாளத்தில். தபால்காரன் ஒரு கடிதம் கொண்டுவருகிறான், ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு அதை வாசிக்கிறார். எவரிஸ்தோ என் காதில் வாசித்தார்: “மகன் ஆஸ்பத்திரியில இருக்கான். ஒரு காலு போச்சு. குளிர் முடிஞ்சதும் வருவான்.” அந்தத் தாய் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாள். மகனுடைய சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுகிறாள். நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்கிறாள். ஒரு ரயில் வருகிறது, கேட்டைத் தூக்குகிறாள். அவ்வளவுதான் படம். ஒற்றைக் காலோடு வந்தாலும் வருகிறானே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் மகன் அமாரோ வரவில்லை. கடல் தாண்டிக் கினிப் போருக்குப் போனவன், எழுபதாம் வருஷம் போனவன் போனவன்தான். ஒருத்தி மகனாவது வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை லுசிந்தா கடற்கரைக்குக் கூப்பிட்டாள். “வேணாம், நேத்துப் பார்த்த படத்தையே இன்னொரு தடவை பார்க்கலாம் வா. சந்தோஷமான படம்” என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

அவள் நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தாள். கடிதக் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டாள்.

“என்னடி எழுதியிருக்கு?”

“செத்துட்டான்மா.”

“யாரு?”

“மகன்தான்.”

“காலுதானே போச்சு?”

“காலா? எந்தக் காலு?”

திரையில் அந்தத் தாய் வெள்ளையடித்தாள். அதே சுவர். அதே சட்டை கொடியில் ஆடியது. நேற்று நான் சிரித்துக்கொண்டே பார்த்த நாற்காலி. எல்லாம் துக்கம் கேட்க வருகிறவர்களுக்காக. நேற்றும் இதேதான் நடந்தது, நான்தான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷமாக எத்தனை படம்! அந்த ஹங்கேரிச் சகோதரிகள் உண்மையிலேயே கோட்டைப் பற்றித்தான் பேசினார்களா? செனகல் கிணற்றில் தண்ணீர் வந்ததா?

வீட்டுக்கு வந்ததும் துணி அலமாரியின் அடியில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்தேன். அமாரோ இறந்தபோது அவனுடைய கேப்டன் செஃபெரினோவுக்கு எழுதிய கடிதம் அதில் இருந்தது. செஃபெரினோவுக்கும் வாசிக்கத் தெரியாது. கம்பெனிக் குமாஸ்தாவிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: “குண்டு பட்டதுமே போயிட்டானாம். ஒரு வலியும் இல்லையாம்.” பன்னிரண்டு வருஷம் அந்த ஒரு வரியைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன்.

“வாசிடி” என்றேன். “எழுதியிருக்கிறதை வாசி.”

லுசிந்தா வாசித்தாள். மூன்று நாள் கிடந்தானாம் என் பிள்ளை, கூடாரத்தில். வலி அதிகம். மருந்து போதவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில். அவ்வளவுதான் என்று கடிதத்தை மடித்தாள். கண்ணைத் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவள் வாய் நின்றுவிட்டது. அவள் கண் நிற்கவில்லை. தாளில் இன்னும் சில வரி கீழே இறங்கிவிட்டுத்தான் மடித்தாள்.

அவளைக் கேட்கவில்லை. அழுகிற பிள்ளையை என்னவென்று கேட்பது? வியாழக்கிழமை ரயிலேறிவிட்டாள். போகும் முன் பல்தசாரிடம் கால் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவனும் இவளும் ஒரே வகுப்பு.

செப்டம்பர் முதல் வாரம் பல்தசார் ஒரு தாளோடு வந்தான். பின்னாலேயே எர்மீனியா, மீன் கூடையோடு.

“ஜெனோவேவா அத்தை, நீங்கதான் சாட்சி. கட்டை விரலை வச்சா போதும். அவரைச் சங்கத்தை விட்டு நீக்கறோம்.”

“என்ன எழுதியிருக்கே? வாசி.”

வாசித்தான். எவரிஸ்தோ என்பவர் எழுத்தறியாத பெண்மணிக்குப் படத்தின் வசனத்தை மாற்றிச் சொன்னார், பழைய ஆட்சியின் தணிக்கைக்காரர் என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது, இத்யாதி.

“இப்போ நீ வாசிடி எர்மீனியா.”

“நான் எதுக்குக்கா? அவரு படிச்சவரு, சரியாத்தான் வாசிச்சிருப்பாரு.”

“எவரிஸ்தோவும் படிச்சவருதான். வாசி.”

அவள் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். நடுவில் ஓர் இடத்தில், “ரகசியப் போலீசுக்கு ஆள் காட்டி வந்ததை மேற்படிப் பெண்மணி நேரில் அறிவார்” என்று வந்தது.

“பல்தசார், இது நீ வாசிக்கும்போது வரலையே?”

அவன் தாடியைச் சொறிந்தான். “அது... அது சும்மா சட்டத்துக்காகப் போட்டது அத்தை. உங்களைக் குழப்ப வேணாம்னு...”

“எடுத்துட்டு போ. நீயும் உன் நீலப் பென்சிலும்.”

“என்கிட்ட ஏது அத்தை நீலப் பென்சில்?”

“அப்போ நகத்தால அடிச்சிருக்கே. போ, போ. என் கட்டை விரலு மீன் தலை கிள்ளினது. தாள்ல வைக்க இல்லை.”

மாடியில் பலகை கிறீச்சிட்டது. எல்லாம் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பழுப்புப் பெட்டியோடு இறங்கி வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தார். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

“பதினோரு வருஷம், டோனா ஜெனோவேவா” என்றார். “லிஸ்பன்ல. காலையில ரெண்டு படம், மத்தியானம் ஒண்ணு. எந்த வார்த்தை யாருக்கு வலிக்கும்னு தேடித் தேடி எடுக்கிற உத்தியோகம். பிஷப்புக்கு வலிக்குமா, பட்டாளத்துக்கு வலிக்குமா, மந்திரிக்கு வலிக்குமான்னு. ஒரு பாட்டாளிக்கு வலிக்குமான்னு யாரும் கேட்டதில்லை.”

“ஆள் காட்டினீங்களா?”

“இல்லை.”

இல்லை என்று சொன்னார் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

“எனக்கு வாசிச்சதுல எத்தனை மாத்தினீங்க?”

“அந்தக் கடுதாசி ஒண்ணுதான். எழுத்து கீழே வந்துது. பக்கத்துல உங்க மூஞ்சி. விரல் தானா...” இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். சட்டென்று கீழே போட்டார்.

“எனக்கு வலிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

நான் பூண்டை வைத்துவிட்டு எழுந்து போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தேன். கடிதத்தை மேஜை மேல் விரித்தேன்.

“போறதுக்கு முன்னாடி இதை வாசிச்சுட்டுப் போங்க.”

என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மூன்று நாள் என்பதை வாசிக்கிறாரா பார்ப்போம் என்றுதான் விரித்தேன். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதோ எனக்கே தெரியாது. சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் அவராகத்தான் இருக்கும். இல்லையென்றால் எவருமே இல்லை.

எழுந்து போய்க் கையைக் கழுவினார். தாளை நேராக வைத்தார். தலைகீழாக வைக்கவில்லை. முழுவதும் ஒருமுறை கண்ணை ஓட்டினார். அவர் வலது கை நெஞ்சுக்கு ஏறியது. இரண்டு விரல் எழுந்தது, ஒட்டியது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே எர்மீனியா யாரிடமோ கூவிக்கொண்டிருந்தாள். விரல் அப்படியே நின்றது, எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்தக் கை இறங்கி வந்து, பூண்டு மணக்கும் என் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. முதல் வார்த்தைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தது.

ஒவ்வொரு வார்த்தைக்கும் என் விரலை நகர்த்தினார். ஒரு வார்த்தை தாண்டவில்லை. கொட்டகையில் வாசிக்கிற அதே குரல். “மதிப்புக்குரிய சென்யோர் செஃபெரினோ அவர்களுக்கு.” அடுத்த வரி. அடுத்தது. “தங்கள் மகன் அமாரோ மூன்று நாட்கள் மருத்துவக் கூடாரத்தில் இருந்தான்.” வாசித்துவிட்டார். “வலி மிகுதியாக இருந்தது.” அதையும். “மூன்றாம் நாள் விடியலில் உயிர் பிரிந்தது.” லுசிந்தா நின்ற இடம் வந்தது. என் விரல் நிற்கவில்லை. அவர் பிடியில் கீழே இறங்கிப் போனது.

“தன் தாயிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டான். ‘என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா என்ன சொல்கிறாரோ அதுதான் அவளுக்கு எழுத்து. உடனே போய்விட்டேன் என்று சொல்லச் சொல்லுங்கள்’ என்றான். அவ்வாறே சொல்லும்படி தங்களை வேண்டுகிறேன்.”

பிறகு கேப்டன் பெயர். அதையும் வாசித்தார். தேதி. அதன் கீழே வெறும் தாள். வெறும் தாளிலும் ஓர் அங்குலம் என் விரலை இழுத்துக்கொண்டு போய், ஓரம் வந்ததும் விட்டார்.

கடிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து டின்னில் வைத்தார். மூடியை அழுத்தினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

மணி பன்னிரண்டு. சங்கு ஊதி, கம்பெனிப் பெண்கள் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். எதிரே எர்மீனியா, அவள் பக்கத்தில் பல்தசார், கையில் அந்தத் தாள். எவரிஸ்தோ தாழ்ப்பாளில் கை வைத்தார். ஒரு கண் போகும், அப்புறம் மூக்கு என்று நான் காத்திருந்தேன். அவர் ஒரு கதவைச் சுவர்வரை திறந்தார். ஏழு வருஷமாகத் திறக்காத மறு கதவின் மேல் தாழையும் கீழ்த் தாழையும் குனிந்து நீக்கி அதையும் சுவர்வரை திறந்தார். தொப்பியைத் தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் இறங்கி நடந்தார். இரண்டு கதவும் திறந்தபடியே கிடந்தன.